விரிசலுக்குக் கீழே என்ன மண்? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

போன வருடம் சிமெண்டு வைத்துப் பூசிய விரிசல் இந்தப் பங்குனியில் அதே இடத்தில் மறுபடி வாய் திறந்தால், கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை. கோளாறு கடைக்காலுக்குக் கீழே இருக்கிறது. மண்ணால் வரும் கோளாறுகளில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு மண்ணுக்கு மருந்தாவது இன்னொரு மண்ணுக்கு நஞ்சாகும். செம்மண்ணில் வீட்டுப் பக்கம் மழைநீர் உறிஞ்சுகுழி போடுவது நல்ல காரியம். கரிசலில் அதே குழி வீட்டின் ஒரு மூலையைத் தூக்கிவிடும். பாறைமேல் மணல் மெத்தை பரப்பலாம். கரிசல்மேல் பரப்பினால் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். பக்கத்து ஊர் மாமா சொன்ன வைத்தியம் பலிக்காமல் போவது இதனால்தான். அறிகுறிக்குப் போகுமுன் மண் எதுவென்று தெரிந்தாக வேண்டும்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, கை ஆகர் (கையால் திருகி மண்ணைத் துளைக்கும் கருவி) வைத்து ஒரு துளை போடுங்கள். கடைக்காலின் அடிமட்டத்தைத் தாண்டி இன்னும் ஒரு மீட்டராவது இறங்க வேண்டும். அரையடிக்கு ஒரு பிடி மண் எடுத்து, ஆழத்தை எழுதி, பையில் கட்டி வையுங்கள். மேல் ஓரடி மண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அது பெரும்பாலும் கட்டும்போது கொட்டிய கிராவலாக இருக்கும்.

ஈரமாக்கிப் பிசைந்து உருட்டும்போது 3 மி.மீ. கனத்துக்கு நூல்போல நீண்டு, வளைத்தாலும் முறியாவிட்டால் அது களி. காய்ந்த கட்டியை விரலால் நசுக்க முடியாவிட்டால் களி அதிகம். ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தட்டும்போது மேலே நீர் மினுமினுத்து, பிதுக்கியதும் அது மறைந்தால் வண்டல். கழிவறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விட்டு நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது: சுக்கான் கல்லாகவோ சுண்ணாம்புப் பாறையாகவோ இருக்கும்.

களி என்று தெரிந்தால் அடுத்த சோதனைக்கு மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணைக் காயவைத்துப் பொடித்துச் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மி.லி. அளவு ஜாடிகளில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். காற்றுக்குமிழி போகக் கிளறிவிட்டு 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மி.லி. மட்டத்திலும் தண்ணீரில் 18 மி.லி. மட்டத்திலும் மண் நின்றால், உப்பல் 80 சதவீதம். ஐ.எஸ். 2720 என்ற இந்தியத் தர விதியின் 40-ஆம் பகுதி சொல்லும் சோதனை இதுதான். ஆய்வகத்தில் 425 மைக்ரான் சல்லடையும் அடுப்பில் உலர்த்திய மண்ணும் பயன்படுத்துவார்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணக் கடைக்கால் போதாது. 20-க்குக் கீழ் என்றால் உப்பலைப் பற்றிக் கவலை இல்லை.

தாங்கு திறனை முழுசாகத் தெரிந்துகொள்ள ஆய்வுதான் வழி. ஆனால் கடைக்கால் குழியின் அடியில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தே ஒரு மதிப்பு கிடைக்கும். நகம் மட்டும் பதியும் களி, சதுர மீட்டருக்குச் சுமார் 25 டன் தாங்கும். விரலை பலமாக அழுத்தினால் பதிவது 15 டன். லேசாக அழுத்தினாலே பதிவது 10 டன். விரல் முழுசாக உள்ளே போய்விடுகிறது என்றால் 5 டன். அங்கே மேலோட்டமான கடைக்காலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரே நகரத்துக்குள் மண் எப்படி மாறும் என்பதற்குச் சென்னை போதும். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டைப் பக்கம் மணல். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பெரும்பாலும் களி. கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே சார்னோகைட் என்ற கருங்கல் வகைப் பாறை. அடையாற்றில் சரியாக நிற்கும் வரைபடத்தை அப்படியே பெரம்பூரில் வைத்தால் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அறிகுறி: கோடையில் விரிசல் திறக்கும், மழைக்கு மூடும்

இது கரிசலின் கையெழுத்து. கோவை, விருதுநகர், கோவில்பட்டி, விளாத்திகுளம், மதுரையின் சில பகுதிகள் எல்லாம் இதை நன்றாக அறியும். மாசி, பங்குனியில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், ஐப்பசி மழைக்குப் பிறகு பாதி மூடியிருக்கும். கதவு ஒரு பருவத்தில் உரசும், மறு பருவத்தில் சரியாகிவிடும். வீட்டில் விரிசல் தெரியும் முன்பே காம்பவுண்டு சுவர் அலைபோல் வளைந்திருக்கும்.

நடப்பது இதுதான். கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டுக்கு நடுவில் தரை மூடியிருப்பதால் அங்கே ஈரம் அதிகம் மாறுவதில்லை. வெளிச்சுவருக்கு அடியில் உள்ள மண்தான் வெயிலுக்குச் சுருங்கி இறங்கும். சுவர் வெளிப்பக்கம் சரிய, விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். வருடங்கள் போகப் போக நடு வீட்டின் அடியில் ஈரம் சேர்ந்து தரையே மேடாவதும் உண்டு. டைல்ஸ் கூடாரம்போல நிமிர்வதற்கு அது ஒரு காரணம்.

உறுதிப்படுத்துவது எளிது, பொறுமைதான் வேண்டும். விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்டீல் ஆணி அடித்து, இடைவெளியை வெர்னியர் (நுண்ணளவு காட்டும் அளவுகோல்) வைத்து மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதுங்கள். கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி வைப்பது பழைய முறை. உடைந்தால் நகர்ந்தது தெரியும், எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒரு வருடம் ஓடட்டும். எண்கள் ஏறி இறங்கினால் கரிசல். ஏறிக்கொண்டே போனால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். விரிசலை அடைப்பது கடைசி வேலை.

1. தண்ணீரை ஒதுக்குங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டி மட்டத்தைக் குறித்து, காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கேயோ கசிவு. மாடி மழைநீர்க் குழாய், துவைக்கும் கல், குளியலறை வடிகால் எல்லாவற்றையும் மூடிய குழாயில் குறைந்தது 3 மீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம்; ஆனால் குழி சுவரை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கரிசலில் அதை மனையின் கடைசி மூலைக்குத் தள்ளி, களியைத் தாண்டிய ஆழத்துக்குத் துளையிட்டு இறக்க வேண்டும்.

2. சுவரைச் சுற்றி 1.5 முதல் 2 மீட்டர் அகலத்துக்கு வெளிச்சாய்வோடு சிமெண்டு ஏப்ரன் (சுவரைச் சுற்றிய தரைப் பட்டை) போடுங்கள். அடியில் கனமான பாலித்தீன் விரிப்பு. சுவரும் ஏப்ரனும் சேரும் இடத்தில் சிமெண்டுப் பூச்சு வேண்டாம், அது முதல் கோடையிலேயே விட்டுவிடும். தார் சீலண்ட் வையுங்கள். வேலையைத் தை, மாசியில் செய்யுங்கள். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் மண்ணை மூடினால், பிறகு மெல்ல ஈரம் சேர்ந்து அது உப்பி ஏப்ரனையே தூக்கும்.

3. மரம். வளர்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்குள் பெரிய மரம் இருந்தால், அது கோடையில் கடைக்கால் அடியிலிருந்து நீரை இழுக்கிறது. அதற்காக வீடு கட்டும் முன்பே நின்ற பழைய மரத்தை ஒரே நாளில் வெட்டிவிட வேண்டாம். அது உறிஞ்சிக்கொண்டிருந்த நீர் மண்ணிலேயே தங்கி, வருடக்கணக்கில் மண் உப்பிக்கொண்டே இருக்கும். கிளையைக் கழித்துக் கழித்துச் சிறிதாக்குவது நல்லது.

4. இன்னொரு வருடம் அளந்து, அசைவு குறைந்த பிறகு அடையுங்கள். கலவையின் கிடைக்கோட்டில் காடி வெட்டி, முப்பது நாற்பது செ.மீ.க்கு ஒன்றாக 6 அல்லது 8 மி.மீ. கம்பியை விரிசலின் இரு பக்கமும் அரை மீட்டர் நீளும்படி பதித்துத் தையல் போடலாம். வெறும் சிமெண்டைத் திணித்தால், மழைக்கு மூட வேண்டிய விரிசல் மூட முடியாமல் பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்பும்.

புதிதாகக் கட்டுவோருக்கு வழி வேறு. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே உருவாக்கியது அண்டர் ரீம்டு பைல்: அடியில் தன் தண்டின் அகலத்தைப் போல இரண்டரை மடங்குக்குக் குடம்போல் விரிந்த, மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண். பருவத்துக்குப் பருவம் மண் அசைவது சுமார் மூன்றரை மீட்டர் வரை என்பதால், பைல் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும். விதியின் உயிர்நாடி வேறொரு இடத்தில் இருக்கிறது: பிளிந்த் பீமுக்கும் (சுவரைத் தாங்கும் தரைமட்ட உத்திரம்) மண்ணுக்கும் நடுவே குறைந்தது 80 மி.மீ. வெற்றிடம். மண் உப்பும்போது அந்த இடைவெளிக்குள் உப்பட்டும் என்பதே கணக்கு. களத்தில் கெடுவதும் இங்கேதான். ஷட்டரிங் வசதிக்காக மண்ணைக் கெட்டித்து, அதன்மேலேயே பீமை வார்த்துவிட்டால், பைலுக்குச் செலவழித்தது வீண். மண் பீமைத் தூக்கும், பைல் இழுத்துப் பிடிக்கும், நடுவில் பீம் வெடிக்கும்.

தரைக்கு, கரிசலை ஒரு மீட்டர் அள்ளிவிட்டு உப்பாத மொரம்பு மண்ணை 15, 20 செ.மீ. அடுக்குகளாக, ஈரம் பார்த்துக் கெட்டிக்க வேண்டும். ஒட்டும் தன்மையுள்ள, ஆனால் உப்பாத மண்ணை மேலே போட்டால் கீழே உள்ள களியின் உப்பல் அடங்குகிறது என்று காட்டியவர் பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஆர்.கே. கட்டி. மணல் அந்த வேலையைச் செய்யாது. மணலில் ஒட்டுத்தன்மை இல்லை. மேலே விழும் தண்ணீரை வாங்கித் தேக்கி, கரிசலுக்கு நிதானமாக ஊட்டிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: விரிசல் மூடுவதில்லை, வளர்கிறது, வீடு ஒரு பக்கம் சாய்கிறது

பருவம் மாறினாலும் எண் ஏறிக்கொண்டே போகிறது. தரையில் உருட்டிய கோலிக்குண்டு எப்போதும் ஒரே மூலைக்குப் போகிறது. இது அமுக்கம்: சுமை தாங்காமல் அடிமண் அமுங்கி இறங்குவது. மூன்று மீட்டர் உயரச் சுவரில் தூக்குக்குண்டு விட்டு, மேலுக்கும் கீழுக்கும் 12 மி.மீ. வித்தியாசம் இருந்தால் சாய்வு 250-இல் ஒன்று. கண்ணுக்கே தெரியத் தொடங்கும் அளவு. டியூப் லெவல் வைத்து எல்லா மூலையிலும் மட்டம் எடுங்கள். பத்து மீட்டர் நீளத்தில் 33 மி.மீ. வித்தியாசம், அதாவது 300-இல் ஒன்று வந்தால் சுவர் வெடிக்கும். 150-இல் ஒன்று வந்தால் தூணும் பீமுமே பாதிக்கப்படும் நிலை; அங்கே இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

ஒன்று, நிரப்பிய நிலம். குழியில் செங்கல் துண்டு, பாலித்தீன், சாம்பல், அதற்குக் கீழே நாறும் கறுப்புச் சேறு வந்தால் அது ஏரியோ குட்டையோ பழைய குவாரியோ. தி.நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து உருவானதுதான். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். ஏரி நிலத்தில் கட்டவே முடியாது என்பதில்லை. அது ஏரி என்று தெரிந்து கட்ட வேண்டும். மணல் நிரப்பல் கட்டும்போதே பெரும்பகுதி அமுங்கி முடித்துவிடும். களிமண் நீரைப் பிழிந்து வெளியே விட்டுத்தான் அமுங்க முடியும், அதற்கு வருடங்கள் ஆகும். குப்பை நிரப்பல் மக்கி மக்கி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இங்கே பலர் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் மனையை உயர்த்துவது வழக்கமாகிவிட்டது. ஒரு மீட்டர் கிராவல் நிரப்பினால் கீழே உள்ள களிமேல் சதுர மீட்டருக்கு 1.8 டன் ஏறுகிறது. ஒரு மாடி வீட்டின் சராசரிச் சுமையே ஒன்றிலிருந்து ஒன்றரை டன்தான். அதாவது வீடு கட்டும் முன்பே கண்ணுக்குத் தெரியாத ஒரு மாடியைக் கட்டியாயிற்று. பைல் போட்டிருந்தாலும் தப்ப முடியாது. அமுங்கும் மண் பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும், அந்த இழுப்பையும் வடிவமைப்பில் சேர்க்க வேண்டும். நிரப்புவதென்றால் முதலில் நிரப்பி, மழைக்காலம் ஒன்றிரண்டு விட்டுப் பிறகு கட்டுங்கள். முடியாவிட்டால் மனையை உயர்த்தாமல் தூண்மேல் வீட்டை உயர்த்துங்கள்.

மண் ஆய்வு எடுக்கும்போது பிளேட் லோடு சோதனையை (தகட்டின்மேல் சுமை ஏற்றிப் பார்ப்பது) மட்டும் நம்ப வேண்டாம். 30 முதல் 75 செ.மீ. தகடு, தன் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்குத்தான் மண்ணை உணரும். மூன்றாவது மீட்டரில் இருக்கும் சேறு அதற்குத் தெரியாது. போர் போட்டு எஸ்.பி.டி. (ஸ்டாண்டர்டு பெனிட்ரேஷன் டெஸ்ட்) எடுக்கச் சொல்லுங்கள்: 63.5 கிலோ சுத்தியல், 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும், 45 செ.மீ. இறக்கத்தில் கடைசி 30 செ.மீ.க்கு எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்பதே எண். களியில் 4-க்குக் கீழ் என்றால் சேறு. மணலில் 10-க்குக் கீழ் என்றால் தளர்வு. ஒன்றரை மீட்டருக்கு ஓர் எண் என்று அறிக்கையில் வரிசையாக இருக்க வேண்டும். "சராசரி 12" என்று ஒரே வரியில் தந்தால் வாங்காதீர்கள். மேலே 20, நடுவில் 3 என்பதற்கும் சராசரி 12 வரும்.

இரண்டாவது காரணம், பாதி பாறை, பாதி மண். சேலம், மதுரை, கோவைப் பக்கம் இது நிறைய. வீட்டின் ஒரு பக்கம் பாறையில் உட்கார்ந்துவிட்டது, அது இம்மியும் அசையாது. மறுபக்கம் ஐந்து மி.மீ. இறங்கினாலும் நடுவில் வெடிக்கும். சரியான இரண்டு இன்ஜினியர்கள் இதில் எதிரெதிர்ப் பக்கம் நிற்பார்கள்: மண் பக்கத்துக் கடைக்காலைப் பாறை வரை இறக்குவது ஒரு கட்சி, பாறையை முப்பது செ.மீ. வெட்டி மணல் மெத்தை போட்டு இரு பக்கத்தையும் சமமாக அசையவிடுவது மறு கட்சி. இரண்டு மீட்டருக்குள் பாறை எட்டும் என்றால் முதலாவதே மேல். கூடவே ஒரு சோதனை: தட்டுப்பட்டது தாய்ப்பாறையா, உருண்டைக் கல்லா? கிரானைட்டும் சார்னோகைட்டும் சிதையும்போது நடுவே யானை அளவு உருண்டைகள் சிதையாமல் மண்ணுக்குள் மிதக்கும். மூன்று மீட்டர் துளையிட்டும் பாறை தொடர்ந்தால்தான் அது பாறை.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு, கடைக்காலுக்கு அடியில் கான்கிரீட் கொடுத்துத் தாங்குவதுண்டு. ஒரு மீட்டர் அகலத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று வெட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒரே நேரத்தில் திறந்தால் சுவர் உட்கார்ந்துவிடும். மேஸ்திரியின் தைரியத்தில் செய்யும் வேலை அல்ல இது.

அறிகுறி: பழைய வீடும் புதிய அறையும் பிரிகிறது

பழைய வீடு தன் அமுக்கத்தை முடித்துவிட்டது. புதியது இப்போதுதான் தொடங்குகிறது. நேர் செங்குத்தாக, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் பிளவு வரும். கம்பி வைத்துக் கட்டிப்போடாதீர்கள். 25 மி.மீ. இடைவெளி விட்டு, இரண்டையும் தனித்தனிக் கட்டடமாக வைத்து, மேலே மூடி போடுவதே வழி.

மண்மேல் பழி போடக் கூடாதவை

மொட்டைமாடித் தளத்துக்கு அடியில், சுவரின் உச்சியில் கிடையாக ஓடும் முடிபோன்ற கோடு வெயிலால் வருவது. தூணும் செங்கலும் சேரும் இடத்துக் கோடும் அப்படியே. பூச்சில் மட்டும் சிலந்திவலை போலிருந்தால் கியூரிங் போதவில்லை. இவற்றுக்குப் போர் போட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

அறிகுறி: சுவரடி பொரிந்து உதிர்கிறது, வெள்ளை பூக்கிறது

தரையிலிருந்து மூன்று நான்கு அடி வரை பூச்சு உப்பி மாவாகக் கொட்டினால், மண்ணிலிருந்து உப்பு நீர் ஏறுகிறது. நீர் ஆவியாகும், உப்பு படிகமாகி வளர்ந்து செங்கலைப் பிளக்கும். களர் நிலம், கடலோரம் எங்கும் இது உண்டு. பலரும் மேலே கெட்டிச் சிமெண்டு பூசுகிறார்கள். ஈரம் வெளியே போக வழியின்றி இன்னும் இரண்டடி மேலே ஏறி அங்கே கொட்டுகிறது. பூச்சைச் செங்கல் தெரியுமளவு உரித்து, தரைக்கு மேல் ஒரு வரிசையில் 12 மி.மீ. துளைகளை 10, 12 செ.மீ.க்கு ஒன்றாகப் போட்டு சிலேன் வகை ஈரத் தடுப்பு மருந்தை ஊட்டி, உலரவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசினால் நிற்கும்.

உதிர்வது செங்கல் அல்ல, கடைக்கால் கான்கிரீட்டே என்றால் சல்பேட்டைத் தேடுங்கள். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கத்துக் களியில் ஜிப்சம் தகடு தகடாக மின்னும். பார்க்க அழகு, சிமெண்டுக்கு எமன். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதியின் கணக்கில் மண்ணில் சல்பேட் 0.2 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண சிமெண்டை அப்படியே போட முடியாது. சல்பேட் தாங்கும் சிமெண்டு எடுக்கலாம். ஆனால் கடலோரத்தில், குளோரைடும் சேர்ந்திருக்கும் இடத்தில், அதே சிமெண்டு கம்பியைக் காப்பாற்றாது. அங்கே ஸ்லாக் சிமெண்டு (இரும்பு உலைக் கசடு கலந்தது). கடைக்கால் கம்பிக்கு மேல் 50 மி.மீ. கான்கிரீட் கவர் எங்கேயும் குறையக் கூடாது. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் இதில் தோற்கும். ஜிப்சக் களியைச் சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்தப் பார்ப்பவர்கள் கவனிக்க: சுண்ணாம்பும் சல்பேட்டும் களியோடு சேர்ந்து புதுப் படிகம் வளர்ந்து, மண் முன்னைவிட அதிகமாக உப்பும்.

அறிகுறி: செப்டிக் டேங்க் நிரம்பிக்கொண்டே இருக்கிறது

தொட்டியில் கோளாறு இல்லை, உறிஞ்சுகுழி உறிஞ்சவில்லை. குழியின் ஆழத்துக்கு ஓரடி அகலத் துளை வெட்டி, அடியில் 5 செ.மீ. சரளை போட்டு, தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி அரை மணி நேரம் இறக்கத்தை அளந்து, 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்று கணக்கிடுங்கள். 30 நிமிடத்துக்குள் என்றால் குழி போதும். 30 முதல் 60 வரை குழி போதாது, ஆழமில்லாத நீள வாய்க்கால் வேண்டும். 60-க்கு மேல் என்றால் அந்த மண்ணில் எந்தக் குழி வெட்டினாலும் பயனில்லை. வடிகட்டித் தொட்டிக்குப் போங்கள்.

ஆபத்தானது இதற்கு நேர் எதிரானது: ஒருபோதும் நிரம்பாத குழி. யாழ்ப்பாணத்தில் நிலமே மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறை, உள்ளே பொந்தும் வெடிப்புமாக. கீரிமலை ஊற்றும் நிலாவரைக் கிணறும் அந்தப் பாறையின் பிள்ளைகள். குழியில் விட்டது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தூரம் என்ற விதி, மண் வடிகட்டும் என்ற நம்பிக்கையில் எழுதியது. வெடித்த பாறையில் அந்தத் தூரத்துக்கு அர்த்தமில்லை. அடியும் பக்கமும் பூசிய தொட்டி கட்டி, லாரியில் அள்ள வேண்டும்.

அறிகுறி: வானம் (கடைக்கால் குழி) தோண்டும்போது சரிகிறது, ஊற்று அடிக்கிறது

மணல் பகுதியில் நிலத்தடி நீருக்குக் கீழே போனதும் குழியின் அடி கொதிப்பதுபோல் குமிழியிட்டால் பம்பை உடனே நிறுத்துங்கள். பம்பு தண்ணீரை மட்டும் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கடைக்கால் அடி மணலையும் எடுக்கிறது. ஒரு வாளியில் பம்புத் தண்ணீரைப் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் சண்டை நிச்சயம். குழியைச் சுற்றி வெல் பாயிண்ட் குழாய்கள் (மணலை விட்டு நீரை மட்டும் உறிஞ்சுபவை) இறக்கி நீர்மட்டத்தை முதலில் தாழ்த்தி, பிறகு தோண்ட வேண்டும். எந்த மண்ணிலும் ஒன்றரை மீட்டருக்குக் கீழே நெடுஞ்சுவராக வெட்டிய குழியில் முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது. அள்ளிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கவும் கூடாது.

அறிகுறி: மலைச்சரிவில் தரை பிளக்கிறது

வீட்டுக்கு மேலே பிறை வடிவத்தில் தரை வெடிப்பு, மரங்கள் கீழ்ப்பக்கம் சாய்வது, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது நிற்பது, எல்லாக் கதவும் ஒரே வாரத்தில் இறுகுவது: மழைக்காலத்தில் இவற்றில் இரண்டு சேர்ந்தால் வீட்டைப் பழுதுபார்க்கும் பேச்சில்லை. வெளியேறிவிட்டுப் பிறகு பேசலாம்.

நீலகிரியில் சார்னோகைட்டுக்கு மேல் தடித்த சிவந்த சிதைமண் போர்த்தியிருக்கிறது. நனைந்தால் கனம் கூடும், பிடிப்பு குறையும், பாறையோடு சேரும் தளத்தில் வழுக்கும். 2009 நவம்பர் 10-இல் கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மி.மீ. மழை பதிவானது, அந்த நாட்களின் சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழைதான் காரணம் என்றாலும், எங்கே சரிந்தது என்று பார்த்தால் சாலைக்கும் வீட்டுக்கும் செங்குத்தாக வெட்டிய இடங்களும், மூடிய நீரோடைகளும் வரிசையில் வரும். இலங்கையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று லயங்களை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) மூடிய சரிவு, முன்பே எச்சரிக்கப்பட்ட சரிவு.

வீட்டுக்குப் பின்னால் தடுப்புச்சுவர் இருந்தால் மழையன்று அதன் வடிகால் துளைகளைப் பாருங்கள். 100 மி.மீ. துளைகள் ஒன்றரை, இரண்டு மீட்டருக்கு ஒன்றாக இருக்க வேண்டும்; சுவர் முதுகில் ஓரடிக்குக் குறையாமல் ஜல்லி வடிகட்டி. கன மழையிலும் துளை சொட்டவில்லை என்றால் சுவர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அடைத்திருக்கிறது. பின்னால் தண்ணீர் ஏறுகிறது. கம்பி விட்டுத் திறவுங்கள்.

அறிகுறி: மனை விலை மட்டும் அக்கம்பக்கத்தைவிடக் குறைவு

இதுவும் அறிகுறிதான். பெயரைப் பாருங்கள்: ஏந்தல், தாங்கல், கண்மாய், ஓடை, பள்ளம் என்று பழைய சர்வே எண்ணுக்கோ தெருவுக்கோ பெயர் இருந்தால் காரணமில்லாமல் இராது. எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடத்தில் வாய்க்கால் எந்தப் பக்கம் வருகிறது, கிராமத்து ஏ பதிவேட்டில் (நில வகையைக் குறிக்கும் வருவாய்ப் பதிவேடு) நஞ்சையா, புஞ்சையா, நீர்நிலைப் புறம்போக்கா என்று பாருங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பாறை, நிலச்சரிவு வரைபடங்கள் இலவசம். செயற்கைக்கோள் படத்தில் பழைய வருடங்களுக்குப் பின்னோக்கிப் போய், மழை மாதத்துப் படங்களில் மனை கறுத்துத் தெரிகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. அதைச் சுற்றி வாங்குவோர் எல்லையை வரைபடத்தில் அல்ல, களத்தில் சரிபார்க்க வேண்டும்.

பிறகு முன்பணம் கொடுக்கும் முன், பொக்லைன் வைத்து மனையின் எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என மூன்று குழி, இரண்டரை மீட்டர் ஆழம். யாரும் உள்ளே இறங்க வேண்டாம், அள்ளிக் கொட்டும் மண்ணை மேலே நின்று பார்த்தால் போதும். பாலித்தீனும் செங்கல் துண்டும் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். கடைக்காலை அந்த ஆழத்துக்குக் கீழே கொண்டுபோக ஆகும் செலவைக் கேட்டு வாங்கி, மனை விலையோடு கூட்டிப் பார்த்து, அதற்குப் பிறகு பேரத்துக்கு உட்காருங்கள்.